நீட்டி ஒருக்கா, கட்டையா ரண்டுதரம்

நான் சந்தேகக்காரி. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனால் மேல கிடக்கிறதைத் தொடமாட்டன், கடகத்துக்கு அடியில கையை விடுவன். ஆரும் என்னைப் பாத்து வடிவா இருக்கிறாய் எண்டு சொன்னால், என்ன வேணும் எண்டு கேப்பன். இந்தக் குணம் பிறவியில வந்தது எண்டு அம்மா சொல்லுவா. இல்லை. விறகுக் குவியலில வந்தது.

எங்கட ஐயா விறகு வியாபாரி. பூநகரிக் கரையில, பாதை வந்து கட்டுற துறைக்குக் கொஞ்சம் இஞ்சால எங்கட வளவு. பாதை எண்டால் நீங்கள் நினைக்கிற றோட்டு இல்லை. தண்ணியில மிதக்கிற பெரிய பலகைத் தட்டு. அதில லொறி ஏறும், மாட்டுவண்டி ஏறும், சனம் ஏறும், சனத்துக்குப் பின்னால ஆடு ஏறும். அதுக்குச் சொந்தமா எஞ்சின் இல்லை. முன்னால ஒரு சின்ன லாஞ்சி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும். சத்தத்தைக் கேட்டால் மலையை இழுக்குது எண்டு நினைப்பியள். கிட்டப் போய்ப் பாத்தால் எங்கட மாட்டுக்கொட்டிலில பாதிதான் இருக்கும். இவ்வளவு சின்னது அவ்வளவு பெரியதை எப்பிடி இழுக்குது எண்டு எனக்கு முதல் சந்தேகம் அங்கதான் வந்தது. அடியில ஆரோ தள்ளுறாங்கள் எண்டு கனநாள் நினைச்சிருந்தனான்.

காட்டில வெட்டின விறகு வண்டியில வந்து எங்கட வளவுக் கரையில குவியும். வீட்டுக் கூரை உயரம் வரும். அதைப் பிளந்து, கட்டாக் கட்டி, வள்ளத்தில ஏத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறது ஐயாவின்ர தொழில். கட்டுறது என்ர வேலை. நான் படிச்சது அரிவரியும் மூண்டு வகுப்பும். அதுக்குப் பிறகு என்ர வாங்கு, மேசை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் குவியல்தான். உச்சியில ஏறி இருந்தால் ஒரு பூவரசு நிழல் தரும், துறை முழுக்கத் தெரியும், தண்ணி முழுக்கத் தெரியும்.

தண்ணி தெரியும் எண்டு சொல்லுறதும் பிழை. காலமை நேரத்தில வள்ளம்தான் தெரியும். இஞ்சயிருந்து விறகு, நெல்லு மூட்டை, கரி, வைக்கோல். வைக்கோல் ஏத்தின வள்ளத்தைத் தூரத்தில பாத்தால் ஒரு வீடு நீந்திப் போறமாதிரி இருக்கும், ஓட்டுற ஆள் எங்க எண்டு தேடவேணும். அங்கயிருந்து வெங்காயம், புகையிலைச் சிப்பம், பனங்கட்டிக் குட்டான், சீமெந்து. ஒருக்கா ஒரு அலுமாரி தனிய ஒரு வள்ளத்தில வந்தது, கண்ணாடி வச்சது. வெய்யில் பட்டுப் பட்டு எங்களுக்கெல்லாம் கண் கூசினது. ஆரோ பெரிய இடத்துப் பொம்பிளையின்ர சீதனமாம். அலுமாரிக்குள்ள என்ன இருந்திருக்கும் எண்டு நான் ஒரு கிழமை யோசிச்சனான்.

அவ்வளவு தூரத்தில இருந்து வள்ளத்தில எழுதியிருக்கிறதை என்னால வாசிக்கேலாது. பாயில கிடக்கிற ஒட்டைப் பாத்து ஆற்ற வள்ளம் எண்டு சொல்லுவன். ஐயாவின்ர பெரிய வள்ளத்துப் பாயில நீலத் துண்டொண்டு ஒட்டுப் போட்டிருந்தது. அது என்ர பழைய பாவாடை.

இன்னொரு காரியம் சொல்லவேணும், இல்லாட்டில் பிறகு நடந்தது விளங்காது. எங்கட பக்கத்துக் கடல் பேருக்குத்தான் கடல், கனக்க இடத்தில முழங்கால் ஆழம். நடுவில ஒரு ஓடை மட்டும் ஆழம். ரண்டு பக்கமும் கம்பு நட்டு அடையாளம் வச்சிருப்பினம். பாதையும் அதுக்குள்ளாலதான் வரவேணும், பாரம் ஏத்தின வள்ளமும் அதுக்குள்ளாலதான் போகவேணும். வெளியில போனால் சேத்தில குந்தியிருந்து தண்ணி ஏறுமட்டும் தேவாரம் பாடவேண்டியதுதான். அதால ஒரு ஒழுங்கு இருந்தது. அக்கரையில பாதை வெளிக்கிடேக்க லாஞ்சிக்காரர் நீட்டி ஒருக்கா ஊதினால், 'நான் வாறன், ஒருத்தரும் ஓடைக்குள்ள இறங்காதையுங்கோ' எண்டு கருத்து. கட்டையா ரண்டுதரம் ஊதினால், 'தண்ணி ஏறி நிக்குது, ஓரமா அரக்கி விலகிப் போகலாம், வாங்கோ' எண்டு கருத்து. எங்கட வள்ளக்காரர் அந்த ஊதலைக் கேக்காமல் கோலை ஊண்டமாட்டினம்.

லாஞ்சிக்காரர் அம்மாவின்ர வழியில தூரத்துச் சொந்தம். எனக்கு மச்சான் முறை. தாயும் அவருமாத் துறைக்கு அங்கால ஒரு கொட்டிலில இருந்தவை. காக்கிக் காற்சட்டை, தோளில துவாய், வாயில கதை இல்லை. கதை இல்லாத ஆக்களில எனக்குச் சந்தேகம் கூட. மத்தியானம் பாதை இஞ்சால நிக்கிற நேரம் எங்கட வளவுக்கு வருவார். கிணத்தில ஒரு வாளி அள்ளிக் கையில ஏந்திக் குடிப்பார். 'தண்ணி நல்லாயிருக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போவார். எங்கட கிணறு உவர். மாடு குடிக்கும், நாங்கள் உடுப்புத் தோய்ப்பம். துறையடியில நல்ல தண்ணிக் கிணறு இருக்கேக்க இந்தாள் ஏன் இவ்வளவு தூரம் நடந்து வந்து உப்புத்தண்ணி குடிக்குது? விறகு களவெடுக்க வேவு பாக்கிறார் எண்டு முடிவெடுத்து, அவர் வந்து போன ஒவ்வொரு நாளும் கீழ்வரிசைக் கட்டுகளை எண்ணிப் பாத்தனான். ஒண்டும் குறையேல்லை. அதால சந்தேகம் இன்னும் கூடினது.

இது அறுபதுகளின்ர துவக்கம். எனக்கு இருபத்திநாலு வயது, கீழ ரண்டு தங்கச்சிமார். நான் இறங்கினால்தான் அவையள் ஏறலாம். ஐயா ஒரு தரகரைப் பிடிச்சார், அவர் யாழ்ப்பாணத்தில ஒரு மாப்பிளைப் பகுதியைப் பிடிச்சார். சுருட்டுக் கொட்டில் வச்சிருக்கிற குடும்பம். ஐயாவுக்குப் பஞ்சாங்கம் பாக்காமல் கால் அசையாது. திங்கக்கிழமை, ஒம்பதுக்கும் பத்தரைக்கும் இடையில அவையள் தண்ணி கடக்கவேணும் எண்டு சொல்லி அனுப்பினார்.

அண்டைக்கு எனக்குத் தலை இழுத்துப் பூ வச்சு, குசினிக்குள்ள இருத்திப்போட்டு, அம்மா வடை சுட்டா. நான் பின்பக்கத்தால போய்க் குவியலில ஏறியிட்டன். பொம்பிளை பாக்க வாறவையைப் பொம்பிளை முதல் பாக்கிறதில என்ன பிழை?

பாதை வந்தது. அதில ஒரு பச்சைக் குடை, ஒரு பட்டுச்சேலை, வாழைப்பழத் தட்டம், எங்கட தரகரின்ர மொட்டைத் தலை. எல்லாம் கரையில இறங்கினது. இறங்கின கையோட பட்டுச்சேலை துறையடியிலயே நிண்டிட்டா. கையைக் கையை விரிச்சுக் கதைச்சா. தரகர் கும்பிட்டார். பச்சைக் குடை தேத்தண்ணிக் கடைக்குள்ள போய் வடை திண்டது. பிறகு எல்லாரும் வந்த பாதையிலயே ஏறி, தட்டத்தோட திரும்பிப் போட்டினம்.

தரகர் மட்டும் வீட்டுக்கு வந்தார்.

"பாருங்கோ, மாப்பிளைக்கு வழியில வயித்துக்குத்து."

நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டன், "வயித்துக்குத்துக்குத் தேத்தண்ணிக் கடையில வடையே மருந்து?"

"பிள்ளை எங்க இருந்து பாத்தது?" எண்டு தரகர் ஐயாவைப் பாத்தார். ஐயா அம்மாவைப் பாத்தார். அம்மா என்னைப் பாத்த பார்வையில பூ வாடினது.

ஒரு மாசத்தால ரண்டாம் பகுதி. பலசரக்குக் கடைக்காரர். புதன்கிழமை, அதே ஒம்பதுக்கும் பத்தரைக்கும் இடையில. திரும்பவும் பூ, திரும்பவும் வடை, திரும்பவும் குவியல். இந்தமுறை கறுப்புக் குடை, ரண்டு பட்டுச்சேலை. இறங்கிச்சினம், நிண்டிச்சினம், கையை விரிச்சினம், திரும்பிச்சினம். தரகர் வந்து, கடையில நெருப்புப் பிடிச்சதெண்டு தந்தி வந்ததாம் எண்டார். நடுத்தண்ணியில ஆர் அவையளுக்குத் தந்தி குடுத்தது எண்டு கேட்டன். தரகர் வடையை எடுத்து வாய்க்குள்ள வச்சார், பதில் வெளியில வராதபடி.

இனி இது சும்மா விசயமில்லை. ரண்டு பகுதி வாசலுக்கு வராமல் திரும்பினால் பொம்பிளையில ஏதோ இருக்கு எண்டு சனம் கதைக்கும். மூண்டாவதும் திரும்பினால் தரகரே பாதை ஏறமாட்டார். எனக்கு மட்டுமில்லை, கீழ இருக்கிற ரண்டுக்கும் சேத்துக் கதவு சாத்தினமாதிரி. ஆரோ துறையடியில நிண்டு எனக்குக் குழி வெட்டுகினம். ஆர்?

அண்டைக்குத் துறையடியில பெரியம்மாவைக் கண்டனான். ஐயாவின்ர தமையன் பெண்சாதி, பக்கத்து வளவு. அவவுக்கும் ஒரு மகள், என்ர வயது, கலியாணம் ஒண்டும் பொருந்தேல்லை. எனக்கு வேற சாட்சி தேவையோ? பின்னேரம் வேலியடிக்குப் போனன்.

"பெரியம்மா, காலமை துறையடியில என்ன வேலை?"

"மீன் வாங்கப் போனனான்."

"கையில மீனைக் காணேல்லையே."

"விலை கூட, விட்டிட்டு வந்தன். நீ என்னடி, பொலிசே?"

"பொலிசெண்டால் சம்பளம் தருவாங்கள். பட்டுச்சேலைக்காரியோட என்ன கதைச்சனீங்கள்?"

"எடியே, வாற மாப்பிளையள் திரும்பி ஓடினால் என்னை ஏன் கேக்கிறாய்? உன்ர வீட்டுக் கண்ணாடியைக் கேள்!"

"எங்கட கண்ணாடி முழுசா இருக்கு பெரியம்மா. உங்கடதுதான் வெடிச்சுக் கிடக்காம். மகள் பாத்தவளோ, நீங்கள் பாத்தனீங்களோ?"

ஒரு வேலிக் கிடுகு என்ர பக்கம் பறந்து வந்தது. அதுக்குப் பிறகு ரண்டு வீடும் கதைக்கிறதில்லை. பெரியம்மா வீட்டுக் கோழி எங்கட வளவுக்குள்ள வந்தால் அதையும் சந்தேகத்தோடதான் பாத்தம்.

முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருத்தர் புடவை வித்துக்கொண்டு வருவார். யாழ்ப்பாணத்தில துணி எடுத்து, சைக்கிளில மூட்டையாக் கட்டி, பாதையில ஏறி வந்து வீடு வீடாப் போவார். அவர் வந்து மூட்டையை அவிட்டு, ஒரு சிவப்புச் சேலையை விரிச்சுப்போட்டு என்னைப் பாத்தார்.

"தங்கச்சிக்குக் கலியாணம் எப்ப?"

"அது ஓடைக்குள்ள தாண்டு போச்சு நானா."

அவர் தாடியைச் சொறிஞ்சார். "நான் ஒண்டு கேப்பன், கோவிக்கப்படாது. உங்கட ஆக்களுக்கு விறகில என்ன அவ்வளவு பயம்?"

"என்ன விறகு?"

"போன புதன்கிழமை நானும் பாதையில வந்தனான். நடு ஓடையில எதிர விறகு வள்ளம் ஒண்டு உரசிக்கொண்டு போச்சு. தட்டத்தோட வந்த மனுசி நெஞ்சில கையை வச்சுக் கத்தின கத்தில லொறிக்குள்ள நித்திரை கொண்ட ட்ரைவர் எழும்பியிட்டான். 'நல்ல காரியத்துக்குப் போகேக்க முன்னுக்கு விறகு வருகுது, கட்டை அடுக்கப் போறமோ?' எண்டா. அதுக்கு முந்தின மாசமும் நான் வரேக்க இதே கூத்து. வேற மனுசி, அதே விறகு. பாயில ஒரு நீல ஒட்டு."

அம்மாவின்ர கையில இருந்த சேலை நிலத்தில விழுந்தது. எங்கட சனம் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டால் எதிரில விறகு வரப்படாது. பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். எங்கட வீட்டில மட்டும் ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரேல்லை. விறகிலயே எழும்பி விறகிலயே படுக்கிற எங்களுக்கு விறகு சோறு. மூக்குக்குக் கீழ இருக்கிற மீசை மாதிரி, கண்ணுக்குத் தெரியேல்லை. தரகருக்கு உண்மை தெரியும். ஆனால் விறகு வியாபாரியின்ர வீட்டில இருந்து வடை திண்டுகொண்டு, உன்ர விறகுதான் தரித்திரம் எண்டு சொல்ல அவருக்கு வாய் வரேல்லை.

ஐயா காட்டால வந்ததும் கேட்டன்.

"ஐயா, அவையள் வாற அதே நேரத்துக்கு ஏன் விறகு வள்ளத்தை விட்டனீங்கள்?"

"நல்ல நேரம் மோனை. ஒம்பதுக்கும் பத்தரைக்கும் இடையில. மாப்பிளை வரச் சரியான நேரமெண்டால் விறகு போகவும் சரியான நேரம்தானே?"

அவர் பகிடிக்குச் சொல்லேல்லை. பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். விளங்கினதும் அப்பிடியே கதிரையில இருந்திட்டார். "உங்கள் எல்லாருக்கும் சோறு போட்டது உந்த அபசகுனம்தான்" எண்டு தனக்குள்ள சொன்னார். எனக்கு ஐயாவில கோபம் வரேல்லை. நான் சந்தேகப்படாத ஒரேயொரு ஆள் அவர்தான் எண்டதுதான் வெக்கமாயிருந்தது.

அண்டு பின்னேரம் குவியலில இருந்து யோசிச்சன். பெரியம்மாவை விடுதலை செய்யிறதோ எண்டு பாத்தன், மனம் வரேல்லை. பிறகு ஒண்டு குத்தினது. பாதை வரேக்க எங்கட வள்ளம் எப்பிடி ஓடைக்குள்ள நிண்டது? நீட்டி ஊதினால் எங்கட ஆக்கள் இறங்கமாட்டினமே. கண்ணை மூடி அந்த ரண்டு நாளையும் காதுக்குள்ள திருப்பிப் போட்டன். திங்கக்கிழமை கட்டையா ரண்டுதரம். புதன்கிழமை கட்டையா ரண்டுதரம். தண்ணி ஏறி நிண்டதோ? இல்லை. துறைப்படியில மூண்டாம் கல்லு நனைஞ்சால்தான் தண்ணி ஏறினது எண்டு கணக்கு. ரண்டு நாளும் பட்டுச்சேலையள் அந்த மூண்டாம் கல்லில, சேலைக்கரை நனையாமல் நிண்டு கையை விரிச்சதை நான் என்ர கண்ணால கண்டனான்.

அப்ப லாஞ்சிக்காரர்! தட்டமும் பட்டுச்சேலையும் மொட்டைத் தலைத் தரகரும் பாதையில ஏறினால், ஆற்ற வீட்டுக்கு எண்டு அவருக்கு விளங்காதோ? அந்தாளுக்கு நான் என்ன செய்தனான்? ஒருக்கா அவரின்ர லாஞ்சியை மாட்டுக்கொட்டில் எண்டு சொன்னது காதில விழுந்திருக்குமோ?

அடுத்த நாள் மத்தியானம் அவர் கிணத்தடிக்கு வந்தார். அள்ளினார், குடிச்சார்.

"தண்ணி நல்லாயிருக்கு."

"உவர்" எண்டன்.

"எனக்கு உவர் பிடிக்கும்."

"மெய்யே மச்சான், அந்த ரண்டு நாளும் ஏன் கட்டையா ரண்டுதரம் ஊதினனீங்கள்?"

வாளி கயிறோட கிணத்துக்குள்ள போச்சு.

"தண்ணி ஏறி நிண்டது" எண்டார், கிணத்தைப் பாத்துக்கொண்டு.

"மூண்டாம் கல்லு காஞ்சு கிடந்தது."

"நீர் அந்தக் கல்லையும் பாக்கிறனீரோ?"

"நான் எல்லாம் பாக்கிறனான். பாக்கிறதுதான் என்ர வேலை, விறகு கட்டுறது பொழுதுபோக்கு."

அவரின்ர காது ரண்டும் சிவந்தது. அந்தக் கறுத்த காதும் சிவக்கும் எண்டு அண்டைக்குத்தான் கண்டன். அப்பதான் எனக்கு உப்புத்தண்ணி விளங்கினது. விறகில ஒரு கட்டும் குறையாததும் விளங்கினது. சந்தேகக்காரிக்கு எல்லாம் முதல் விளங்கும் எண்டு நினையாதையுங்கோ, கிட்ட இருக்கிறது கடைசியாத்தான் விளங்கும்.

"ஓவசியருக்குச் சொல்லப்போறீரோ?" எண்டு கேட்டார். தண்ணி இல்லாத நேரம் ஓடைக்குள்ள வள்ளத்தைக் கூப்பிட்டவர் எண்டு பாதைக்குப் பொறுப்பான ஓவசியருக்குத் தெரிஞ்சால் வேலை போகும்.

"சொன்னால் உங்கட வேலைதான் போகும், என்ர மாப்பிளையள் திரும்பி வராயினம். கேளுங்கோ. வாற வெள்ளிக்கிழமை மூண்டாம் பகுதி வருகுது. பள்ளிக்கூட மாஸ்டர். இதுதான் கடைசி, இதுவும் போனால் எனக்கும் இல்லை, தங்கச்சிமாருக்கும் இல்லை. நீங்கள் நீட்டி ஒருக்கா ஊதினால், நான் மாஸ்டரோட போறன். உங்களில ஒரு கோபமும் இல்லை. கட்டையா ரண்டுதரம் ஊதினால், அண்டு பின்னேரமே உங்கட அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டுப் படலைக்கு வரவேணும். ஊதிப்போட்டு வராமல் விட்டியள் எண்டால் நான் ஓவசியரிட்டப் போவன்."

அவர் தோளில கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைச்சார். ஏதோ பெரிசாச் சொல்லப்போறார் எண்டு பாத்தன்.

"வாளி எடுக்கக் கொழுக்கி இருக்கோ?" எண்டார்.

வெள்ளிக்கிழமை விடிய ஐயா வள்ளக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, "இண்டைக்கு ஒரு குச்சியும் தண்ணியில இறங்கப்படாது" எண்டு சொல்லி, தன்ர கையால வள்ளங்களைக் கட்டினார். பிறகு கோயிலுக்குப் போனார், சகுனத்துக்கு மேலால ஒரு காவலுக்கு. அம்மா மூண்டாந்தரம் வடை சுட்டா. மாவைக் கையில எடுக்கேக்கயே அவவின்ர முகத்தில நம்பிக்கை இல்லை.

நான் குவியலில. சேலைத் தலைப்பை இடுப்பில செருகியிருந்தன். தண்ணி நிறைய வள்ளங்கள், மற்றவையின்ர வள்ளங்கள். ஒரு வைக்கோல் வள்ளம் வந்துகொண்டிருந்தது. கரி வள்ளமொண்டு சேத்தில குந்தி, ரண்டு பேர் இறங்கித் தள்ளிச்சினம். வேற நாளெண்டால் சிரிச்சிருப்பன். அண்டைக்கு எனக்கு எல்லாத்திலயும் சந்தேகம். இந்தாள் பயத்தில நீட்டி ஊதிவிடுமோ? இல்லாட்டில் ரண்டுதரம் ஊதிப்போட்டு, பின்னேரம் துவாயைத் தலையில போட்டுக்கொண்டு ஒளிச்சுவிடுமோ? வாளிக்குக் கொழுக்கி கேட்ட மனுசனை நம்பி ஆரும் மாஸ்டரை விடுவினமோ? அதைவிட, எனக்கு எது வேணும்? அந்த நேரம்தான் அதையும் கேட்டன், முந்தி கேக்க நேரமில்லை.

அக்கரையில லாஞ்சி இருமினது. புகை வந்தது. ஊதல் கேட்டது.

கட்டையா ஒண்டு.

பிறகு ஒண்டுமில்லை. கட்டையா ஒண்டு எண்டு ஒரு கணக்கு எங்கட துறையில இல்லை. மனுசன் பாதியில பயந்திட்டார் எண்டு நினைச்சன். ஒரு நாரை பறந்து, கம்பில இருந்து, திரும்பவும் பறந்தது.

ரண்டாவது ஊதினது.

கொஞ்ச நேரத்தில எங்கட நீல ஒட்டுப் பாய் ஓடைக்குள்ள இறங்கிப் போச்சு, விறகு கூரை உயரத்துக்கு. ஐயா கட்டின வள்ளம் எப்பிடி இறங்கினது எண்டு பிறகு சொல்லுறன். பாதை எதிரில வந்தது. நடுத்தண்ணியில ஒரு பட்டுச்சேலை எழும்பி நெஞ்சில கை வச்சதை நான் குவியலில இருந்தே கண்டனான்.

கரையில இறங்கினவை மூண்டாம் கல்லில நிண்டு திரும்பப் பாக்க, பெரியம்மா வந்தா. கையில இந்தமுறை உண்மையாவே மீன். "இவ்வளவு தூரம் வந்தனீங்கள், தண்ணி வென்னி குடியாமல் போறதோ? உது அந்த வீட்டுச் சகுனம், எங்கட வீட்டுக்கு அது செல்லாது" எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், மகளிட்ட மூக்குப்பேணியில தேத்தண்ணி குடுத்துவிட்டா. ஒரு மாசத்தால மாஸ்டருக்கும் அவளுக்கும் கலியாணம். இதுக்குத்தான் சொல்லுறது, நான் பெரியம்மாவைச் சந்தேகப்பட்டது முழுக்கப் பிழையில்லை. கொஞ்சம் முந்திப் பட்டிட்டன், அவ்வளவுதான்.

கோயிலால வந்த ஐயா வள்ளக்காரரைப் பிடிச்சார்.

"ஆரடா விட்டது?"

"நீங்கள்தானே ஐயா போகச் சொன்னனீங்கள்."

"நான் ஆரிட்டச் சொன்னனான்?"

வள்ளக்காரரில மூத்தவர் குவியல் பக்கம் பாத்தார். நான் ஒரு விறகுக் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தன், நல்லா இறுக்கமா.

"காத்தில கேட்டமாதிரி இருந்தது ஐயா" எண்டார்.

அதோட ஐயா பெரியம்மா வீட்டுப் பக்கம் பாத்துப் பல்லைக் கடிச்சார். அம்மா சுட்ட வடையை ஒருத்தரும் தொடேல்லை. தங்கச்சிமார் ரண்டு பேரும் என்னைப் பாத்திச்சினம், என்ன செய்தாய் எண்டு கேக்கிற மாதிரி. வெய்யில் சாய்ஞ்சது. படலையில ஒருத்தரையும் காணேல்லை. பாதை இன்னொருக்காப் போய் வந்தது. எனக்கு ஓவசியரின்ர வீட்டுக்கு எத்தினை மைல் நடக்கவேணும் எண்ட யோசனையும் வந்தது, அழுகையும் வந்தது. ஓவசியர் யோசனையை வச்சு அழுகையை அடக்கினன்.

பிறகு படலை கிறீச்சிட்டது. லாஞ்சிக்காரர் வேட்டி கட்டியிருந்தார். அவரை வேட்டியில நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை, கால் ரண்டும் அவருக்குச் சொந்தமில்லாத மாதிரி நடந்தார். பக்கத்தில தாய், கையில தட்டம். அவ படலைக்குள்ள ஒரு காலை வச்சிட்டு, குவியலைக் கண்டு அப்பிடியே நிண்டா.

"மோனை, முன்னுக்கு விறகு..."

"அது எனக்குத் தெரிஞ்ச விறகுதான் அம்மா" எண்டார். "வாங்கோ."

அந்த மனுசன் ஒரு மூச்சில அவ்வளவு கதைச்சதை நான் அதுக்குப் பிறகும் கனக்கக் கேக்கேல்லை. ஐயா தட்டத்தைப் பாத்தார், அவரைப் பாத்தார், மச்சான் முறைதானே எண்டு அம்மாவைப் பாத்தார். அம்மா வடையைச் சூடாக்கப் போனா.

தங்கச்சிமார் ரண்டு பேருக்கும் பிறகு ஒண்டொண்டாச் சரிவந்தது. அந்த நாள்களில ஐயா வள்ளத்தை மட்டுமில்லை, கோடாலியையும் சேத்துக் கட்டி வைப்பார். வள்ளத்தை விட்டது பெரியம்மாதான் எண்டு சாகுமட்டும் நம்பினவர். நான் திருத்தேல்லை. பெரியம்மாவும் மறுக்கேல்லை, அவவுக்கு அது ஒரு பெருமையாயிருந்ததோ என்னவோ.

என்ர மனுசனை இண்டைக்கும் கேக்கிறனான், அந்த ரண்டு நாளும் ஏன் அப்பிடி ஊதினனீங்கள் எண்டு. தண்ணி ஏறி நிண்டது எண்டு சொல்லுவார். மூண்டாம் நாள் முதல் ஊதலுக்கும் அடுத்ததுக்கும் இடையில ஏன் அவ்வளவு நேரம் எண்டால், ஊதலுக்குள்ள தும்பு அடைச்சதாம். அவரும் விடமாட்டார். "கொப்பர் கட்டின வள்ளத்தை ஆர் அவிட்டது?" எண்டு கேப்பார். காத்து எண்டு சொல்லுவன். வள்ளக்காரரிட்ட, ஐயா போகச் சொன்னவர் எண்டு குவியலில இருந்து கத்தினதும் அந்தக் காத்துத்தான். இறங்கி ஓடினால் சேலை குலையும் எண்டு இருந்த இடத்திலயே இருந்து கத்தினது.

அவர் நம்பேல்லை, நானும் நம்பேல்லை. ரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அப்பிடிப் பாத்துக்கொண்டே இவ்வளவு காலம் போட்டுது.

ஆனால் ஒரு சாட்சி என்னட்ட இருக்கு. கலியாணம் முடிஞ்சு அவர் எங்கட வளவிலதான் வந்து இருந்தவர். எழும்பினால் கிணறு, படுத்தால் கிணறு. அதுக்குப் பிறகு ஒருநாளும், ஒரு மிடறும், அந்த உப்புத்தண்ணியை அவர் வாயில வச்சதை நான் காணேல்லை. நல்ல தண்ணிக்குத் துறையடிக்கு நடக்கிறது நான்.